பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

மெட்ராஸ் ரெஜிமெண்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, அம்பாசமுத்திரம் பக்கம் குடியிருக்கிறேன். பட்டாளத்துக்காரர் வீடுகளில் சாமி படத்தோடு பதக்கத்தையும் மாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்திருப்பார்கள். மரியாதைதான், ஆனால் ரிப்பன் பாழாகிவிடும்.

போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்குத் தரும் வீர் சக்ரா வெள்ளியில் செய்தது. நடுவிலுள்ள சின்னத்துக்குத் தங்க முலாம். புளியோ விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்த முலாம்தான். வெள்ளி கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ரிப்பனைத் துவைக்கவே வேண்டாம். ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டி வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள்.

சரி, பதக்கம் பத்திரம். அதைவிட முக்கியம் சைட்டேஷன் காகிதம், அதாவது விருது எதற்காக என்று எழுதித் தரும் குறிப்பு. மார்பில் தொங்குவது எல்லாமே வீரத்துக்குக் கிடைத்தது என்று வீட்டில் நினைப்பார்கள். ஒன்பது வருஷம் பணி முடித்தாலே ஒரு பதக்கம் உண்டு. 1960-இல் ஏற்படுத்திய சேனா மெடல்கூட வீரச் செயலுக்கும் தருவார்கள், சிறந்த பணிக்கும் தருவார்கள். தாத்தாவுக்கு எதற்குக் கொடுத்தார்கள் என்பதைக் காகிதம்தான் சொல்லும். எந்த இடம், என்ன தேதி, என்ன செய்தார் என்று சில வரிகள்தான் இருக்கும். ஊரில் சொல்லும் கதையில் எதிரிகளின் எண்ணிக்கை வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும்; காகிதத்தில் கூடாது.

அதை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. ஸ்கேன் எடுத்து, தமிழில் எழுதிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள்.

காகிதம் தொலைந்திருந்தால்? வீர் சக்ரா போன்ற சக்ரா விருதுகள் இந்திய அரசிதழில் வெளிவரும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்திலும் தேடலாம். 2020-இல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர் நீத்த ராமநாதபுரம் ஹவில்தார் பழனியின் வீர் சக்ரா போல அண்மையில் அறிவித்தவை சுலபமாகக் கிடைக்கும். பழைய ஆட்கள் பெயரில்தான் சிக்கல். நம் இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், எழுத்தும் மாறும். ஆண்டையும் ரெஜிமெண்டையும் வைத்துத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கிலுள்ள சர்வீஸ் நம்பரைக் குறிப்பிட்டு, அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது.

அப்புறம் பாட்டியிடம் ஒன்று கேளுங்கள். வீர் சக்ராவுக்கு மாதப்படி உண்டு, கணவர் காலமான பின் மனைவிக்குத் தொடரும். வரவில்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அசலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.