பிரிட்டனில் முதல் குளிர்காலம்: லைட்டை அணைத்தால் மட்டும் பில் குறையாது

"ஆள் இல்லாத ரூம்ல லைட் எதுக்கு எரியுது?" என்று கேட்டுக் கேட்டே நம் எல்லோரையும் வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தேன். பழைய செங்கல் வீடு, மாடியில் ஒரு ரூம். பாத்ரூமிலிருந்து வெளியே வந்தால் லைட்டை அணைப்பேன், சமையலறையை விட்டு நகர்ந்தால் அணைப்பேன், ஆனால் ராத்திரி கால் விறைக்கிறதே என்று கடையில் வாங்கிய ஒரு சின்ன ஃபேன் ஹீட்டரை மட்டும் படுக்கும்வரை ஓடவிட்டேன். அந்த ஹீட்டர் 2000 வாட். லைட் 9 வாட் எல்இடி. ஹீட்டர் ஒரே ஒரு மணி நேரம் இழுக்கும் கரன்டில் அந்த லைட் ஒன்பது நாள் இரவு பகலாக எரியும். இந்தக் கணக்கை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அந்தக் குளிர்காலம் எனக்கு வேறு மாதிரி போயிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. இங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் கரன்ட், கேஸ் என்று இரண்டு கணக்கு. இரண்டுமே நமக்குப் பழகிய அதே யூனிட்டில்தான் வரும், அதாவது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2024, 2025ல் கரன்ட் யூனிட் 25 பென்ஸைச் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) சுற்றியும் கேஸ் யூனிட் 6 பென்ஸைச் சுற்றியும் இருந்தது. ஏறக்குறைய நாலு மடங்கு வித்தியாசம். அதனால் வீட்டைச் சூடாக்கக் கேஸ் பாய்லர் இருக்கும்போது கரன்ட் ஹீட்டரைச் செருகி மணிக்கணக்கில் காய்வது, அதே சூட்டுக்கு மூன்று நாலு மடங்கு காசு கொடுப்பது. என் ஹீட்டர் மாதிரி ஒன்று தினமும் ஆறு மணி நேரம் என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 3 பவுண்டு, மாதம் 90. இதைத் தவிர, ஒன்றுமே பயன்படுத்தாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்று ஒரு தொகை ஏறும். ஆஃப்ஜெம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை உச்சவரம்பு அறிவிக்கிறது. செய்தியில் வருடத்துக்கு இத்தனை பவுண்டு என்று சொல்வதைக் கேட்டு, அதற்கு மேல் நம் பில் போகாது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வரம்பு யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான், கூடுதலாக எரித்தால் கூடுதலாகத்தான் கட்ட வேண்டும்.

வீட்டுச் சாவி கையில் வந்த அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, இரண்டு மீட்டரையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டும் எண், அதன் சீரியல் நம்பர் இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். எனக்கு முதலில் வந்த பில் முழுக்க அவர்களே குத்துமதிப்பாகப் போட்டது, எனக்கு முன்னால் இருந்தவர் எரித்ததும் அதில் சேர்ந்திருந்தது. கையில் படம் இல்லாததால் அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் அலைந்தேன். சாவியோ கார்டோ போட்டு முன்பணம் ஏற்றும் மீட்டர் இருந்தால் இன்னும் கவனம் தேவை, முன்பு இருந்தவரின் கடன் அதில் ஏறியிருந்தால் நீங்கள் போடும் காசிலிருந்து அது கழிந்துகொண்டே இருக்கும். குடிவந்த உடனே கரன்ட், கேஸ் தரும் கம்பெனியைக் கூப்பிட்டுப் பெயரை மாற்றுங்கள். பில் உங்கள் பெயரில் என்றால் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. வீட்டுக்காரர் கரன்டைத் தனியாகக் கணக்குப் போட்டு வாங்குகிறார் என்றால், தான் யூனிட்டுக்குக் கொடுத்த விலைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. இது ஆஃப்ஜெம் விதி. கேட்கத் தயங்க வேண்டாம்.

சரி, இப்போது பாய்லர். கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும், சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டி, அந்தச் சுடுதண்ணீர் ஓடி ரூமைச் சூடாக்க ரூமுக்கு ரூம் ரேடியேட்டர், எத்தனை டிகிரி வேண்டும் என்று வைக்க ஹாலில் ஒரு தெர்மோஸ்டாட், இதுதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்ததும் தெர்மோஸ்டாட்டை 28, 30 என்று திருகுவது நம் ஆட்கள் எல்லோரும் செய்வது. அது கேஸ் அடுப்பின் குமிழ் மாதிரி இல்லை. 20ல் வைத்தாலும் 30ல் வைத்தாலும் வீடு ஒரே வேகத்தில்தான் சூடாகும். 30ல் வைத்தால் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் எரிந்துகொண்டே இருக்கும், நாம் வியர்த்துப்போய் ஜன்னலைத் திறப்போம், அவ்வளவுதான். 18லிருந்து 20க்குள் வைத்து, எழுவதற்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி வெளியே கிளம்பும்போது நிற்கிற மாதிரியும், சாயங்காலம் மறுபடி ஓடுகிற மாதிரியும் டைமரைப் போட்டு விடுங்கள். நாள் முழுக்கச் சிம்மில் ஓடவிட்டால் மிச்சம் என்று ஒரு பேச்சு இங்கே சுற்றிக்கொண்டே இருக்கிறது, சாதாரண கேஸ் பாய்லர் வீட்டுக்கு அது பொருந்தாது. தேவைப்படும் நேரத்தில் மட்டும் எரிப்பதுதான் குறைவு.

ஒவ்வொரு ரேடியேட்டரின் ஓரத்திலும் 1லிருந்து 5 வரை எண் போட்ட வால்வு இருக்கும். 3 என்பது சுமாராக 20 டிகிரி. ஆள் படுக்காத ரூமில் 1ல் வையுங்கள், முழுக்க மூடிவிட வேண்டாம். அந்த ரூம் ஈரம் பிடிக்கும். தெர்மோஸ்டாட் இருக்கும் ரூமில் மட்டும் வால்வு நன்றாகத் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் அது சூடு வரவில்லை என்று நினைத்துப் பாய்லரை நிறுத்தவே நிறுத்தாது.

அப்புறம் ஒரு விஷயம், இது நிறைய வருடம் இங்கே இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. தண்ணீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லரில், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு பல வீடுகளில் 75, 80 டிகிரி என்று வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் படம் போட்ட குமிழைத் திருகி அதை 60க்கு இறக்குங்கள். இப்போதைய பாய்லர்கள் புகையில் இருக்கும் நீராவியைக் குளிர்வித்து அந்தச் சூட்டையும் திரும்பப் பிடிப்பவை. ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். ரூம் சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், கேஸ் குறையும். வீட்டில் சுடுதண்ணீர் சேமிக்கும் சிலிண்டர் இருந்தால் மட்டும் தெரிந்தவரைக் கேட்காமல் சூட்டைக் குறைக்காதீர்கள், அந்தத் தண்ணீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய்க்கிருமி வளரும்.

ரேடியேட்டர் கீழே சூடாகவும் மேலே சில்லென்றும் இருந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. பாய்லரை நிறுத்தி ஆறவிட்டு, இரும்புக் கடையில் கிடைக்கும் சின்னச் சாவியை மேல் மூலையில் இருக்கும் சதுர முனையில் பொருத்தி, கீழே ஒரு பழைய துணியையும் டம்ளரையும் பிடித்துக்கொண்டு கால் சுற்று மட்டும் திருகுங்கள். உஸ்ஸ் என்று குக்கர் மாதிரி காற்று போகும், பிறகு சத்தம் மாறிக் கறுப்புத் தண்ணீர் சொட்டும், உடனே மூடிவிட வேண்டும். அதன்பின் பாய்லரில் இருக்கும் அழுத்த முள் 1க்கும் 1.5க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் தண்ணீர் ஏற்ற வேண்டும், வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். பாய்லர் மூடியைத் திறக்கும் வேலை எதையும் நாம் தொடக் கூடாது, அதற்குக் கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் வர வேண்டும்.

கேஸே இல்லாத ஃப்ளாட்டுகளில் சுவரோரமாகக் கனமான ஸ்டோரேஜ் ஹீட்டர் இருக்கும். எகானமி 7 என்ற கட்டணத்தில் இரவு ஏழு மணி நேரம் மலிவு, அப்போது உள்ளே இருக்கும் செங்கற்கள் சூடேறி மறுநாள் முழுக்க அதைக் கொடுக்கும். இதில் இரண்டு குமிழ், ஒன்று எவ்வளவு சூடு வாங்குவது, இன்னொன்று எவ்வளவு விடுவது. படுக்கும்போது விடும் குமிழை மூடுங்கள். அந்தக் கட்டணத்தில் பகல் யூனிட் விலை அதிகம், வாஷிங் மெஷினைப் பகலில் போட்டால் நஷ்டம்.

சூடு உண்டாக்குவதைவிட அதை வெளியே விடாமல் பிடிப்பதில்தான் பழைய வீட்டில் மிச்சம் இருக்கிறது. கதவுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று காற்று கையில் படும். நான் அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றை இறுகச் சுருட்டி, இரண்டு முனையையும் கட்டி, வாசல் கதவடியில் போட்டு வைத்திருக்கிறேன், இன்றுவரை அதுதான். டிசம்பரில் லண்டனில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதுவரை தெற்கு ஜன்னலின் திரை திறந்திருக்கட்டும், பொழுது சாய்ந்ததும் மூடுங்கள். திரை ரேடியேட்டருக்கு மேல் தொங்கினால் சூடெல்லாம் ஜன்னலுக்கே போய்விடும், பின்னால் சொருகி விடுங்கள். சோபாவை ரேடியேட்டரிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் போடுங்கள்.

காற்று வரும் எல்லா ஓட்டையையும் அடைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் ரூமில் பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம். பிப்ரவரியில் ஒரு நாள் அதை நகர்த்தினால், சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை, உள்ளே மடித்து வைத்த பட்டுப்புடவையின் மடிப்பில் வாடை. நாம் அரிசி வடிக்கிறோம், சாம்பார் கொதிக்க விடுகிறோம், துவைத்த துணியை ரேடியேட்டர் மேலேயே காயப்போடுகிறோம், அந்த ஈரமெல்லாம் வீட்டிலேயே மிகவும் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய் உட்காரும். சட்டியை மூடிச் சமையுங்கள், சமைக்கும்போது ஆவியை வெளியே தள்ளும் விசிறியைப் போடுங்கள், குளித்தபின் பாத்ரூம் கதவைச் சாத்தி ஜன்னலைப் பத்து நிமிடம் திறங்கள். ஜன்னல் சட்டத்தின் மேலே இருக்கும் சின்னக் காற்றுவழியை டேப் போட்டு ஒட்டாதீர்கள். துணியை ஒரே ரூமில் காயப்போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, கதவை மூடி வையுங்கள். ஈர வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை படும் பாட்டைப் பார்த்தால் இதில் எவரும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள்.

லைட்டுக்கு வருகிறேன். நீங்கள் போகும் வீட்டுக் கூரையில் சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டுகள் இருந்தால் ஒன்றைக் கழற்றி எழுத்தைப் படியுங்கள். 50 வாட் ஹாலஜன் என்றிருந்தால் ஆறு லைட்டுக்கு 300 வாட். அதே இடத்தில் 5 வாட் எல்இடி போட்டால் மொத்தமே 30. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் வேண்டுமானால் அட்டையில் லூமென் என்று போட்டிருக்கும் வெளிச்ச அளவு 800 இருக்கிறதா என்று பாருங்கள், 8 அல்லது 9 வாட் போதும். இங்கே விற்பது பெரும்பாலும் 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், டியூப் லைட்டில் வளர்ந்த நமக்கு அது மங்கலாகத் தெரிந்து இன்னொரு லைட்டையும் போடத் தோன்றும். சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் கொஞ்சம் வெள்ளையான 4000 கெல்வின் வாங்கினால் ஒன்றே போதும். பக்கத்துக்கு ஒரு சின்ன ஆணி வைத்து, அழுத்தித் திருப்பி மாட்டும் பல்பு நம் ஊரில் உள்ளது போலவேதான்.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிரை எடுக்கும், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை வாசமும் இல்லை. பாய்லர் இருக்கும் ரூமில் அதற்கான அலாரம் வைப்பது இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து வீட்டுக்காரரின் கடமை. கேஸ் வாசம் வந்தால் 0800 111 999, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

வீட்டில் கைக்குழந்தையோ ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோ இருந்தால் 18 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள், அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். தனியாக ராத்திரி படிப்பவர் என்றால் வீட்டையே சூடாக்குவதற்குப் பதில் 100 வாட் எலக்ட்ரிக் போர்வை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விடிய விடியப் போர்த்தினாலும் ஒரு யூனிட் ஆகாது. பில் கட்ட முடியாமல் போனால் கம்பெனியிடம் முதலிலேயே சொல்லுங்கள், தவணை போட்டுத் தருவார்கள். பேசத் தெரியவில்லை என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பில் இலவசமாக உதவுவார்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். போன் தானாக மாறிவிடும், பழைய பாய்லர் டைமர் மாறாது. அன்று காலையே அதையும் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மணிக்கு எரிய வேண்டிய பாய்லர் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் ஐந்து மணிக்கே எரியத் தொடங்கும்.