அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

வாக்காளர் அட்டையைப் பர்சில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். சரி, பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அதைக் காட்டினாலும் ஓட்டுப் போட முடியாது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தேடல் தளத்தில் இன்றே பார்த்துவிடுங்கள். பெயரைப் போட்டுத் தேடினால் தலைவலிதான். நம் முருகேசன் அங்கே முருகேஷனாக உட்கார்ந்திருப்பார். அட்டையில் 3 எழுத்தும் 7 இலக்கமுமாக ஓர் எண் இருக்கும். அதைப் போட்டால் பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் வந்துவிடும். அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வாக்குச்சாவடியில் தேடி அலைய வேண்டாம்.

பெயரே இல்லையா? படிவம் 6. வீடு மாறியிருந்தாலோ எழுத்துப்பிழை இருந்தாலோ படிவம் 8. இரண்டையும் போனிலேயே நிரப்பலாம். அப்புறம், இணையம் பழகாத பெரியவர்கள் 1950க்கு அழைத்துக் கேட்கலாம்.