வியாழக்கிழமை வான்கோழி: முதல் தேங்ஸ்கிவிங் விருந்துக்குப் போகுமுன்

அமெரிக்காவுக்கு வந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். தீபாவளிப் பலகார டப்பாவின் அடியில் கடைசி நாலு முறுக்கு கிடக்கும். அந்த நேரத்தில் அலுவலகத்தில் யாராவது வந்து, "தேங்ஸ்கிவிங்குக்கு எங்கே போகிறீர்கள்? எங்கும் இல்லையென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்பார். சும்மா மரியாதைக்குக் கேட்கிறார் என்று நழுவிவிடாதீர்கள். அமெரிக்கர்கள் நன்றி சொல்லி விருந்துண்ணும் அந்த நாளில் ஊருக்குப் புதியவர் தனியாகச் சாப்பிடக்கூடாது என்று இங்கே பலர் மெய்யாகவே நினைக்கிறார்கள். தாராளமாகப் போய் வாருங்கள். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

நாள்: நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை. 1941-இல் சட்டம் போட்டு அப்படி நிலைநிறுத்தினார்கள். கனடாவில் இருப்பவர்களுக்கு அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை. மேசையில் வருவது ஏறக்குறைய இதே சாப்பாடுதான். வியாழன் என்பதால் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. குருவுக்காகவும் பாபாவுக்காகவும் வியாழக்கிழமை கவுச்சி தொடாதவர்கள் இருக்கிறார்கள். அதோடு கார்த்திகை மாதம் பிறந்திருக்கும், மாலை போட்டவர்கள் விரதத்தில் இருப்பார்கள். அழைப்பை ஏற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். விருந்தன்று வாசலில் நின்று சொன்னால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

நேரம். இதில்தான் நாங்கள் முதல் வருஷமே கோட்டைவிட்டோம். அப்போது ஒஹையோவில் இருந்தோம். "இரண்டு மணிக்கு வாருங்கள், மூன்று மணிக்கு டின்னர்" என்றார் என்னோடு வேலை பார்த்தவர். டின்னர் என்றால் ராத்திரிச் சாப்பாடுதானே, மூன்று மணி என்பது பேச்சுக்கு, எப்படியும் ஆறேழு ஆகிவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். பன்னிரண்டரைக்குத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே நுழைந்தால் பதினோரு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வான்கோழியை அரிந்து அலுமினியத் தாள் போட்டு மூடி வைத்திருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டுப் பாட்டி மட்டும் எழுந்து, ஏடு படிந்துபோன கிரேவியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ஆகவே, இந்த ஒரு நாள் டின்னர் என்பது பிற்பகல் சாப்பாடு. சொன்ன நேரத்துக்குப் போங்கள், வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

தட்டில் என்னென்ன வரும்?

பார்த்ததும் எல்லாம் பழுப்பும் வெளுப்புமாகத் தெரியும். நம் இலைச் சாப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், சட்டென்று பிடிபட்டுவிடும். மசித்த உருளைக்கிழங்கு சோறு மாதிரி. கிரேவி குழம்பு. கிழங்கின் நடுவில் கரண்டியால் ஒரு குழி பறித்து அதில் கிரேவியை ஊற்றிக்கொள்கிறார்கள், நாம் சோற்றில் பாத்தி கட்டிச் சாம்பார் விடுவதுபோலவே. கிரான்பெர்ரி சாஸ் என்கிற சிவப்பு வஸ்து இனிப்பும் புளிப்பும் லேசான கசப்புமாக இருக்கும். ஊறுகாய் என்று நினைத்துத் துளியூண்டு வைத்துக்கொள்ள வேண்டாம். அது மாங்காய்ப் பச்சடியின் உறவு. வான்கோழிக்கறி தனியாக மென்றால் சக்கை மாதிரி இருக்கும், அதோடு சேர்த்தால்தான் உள்ளே இறங்கும்.

ஸ்டஃபிங் என்பது காய்ந்த ரொட்டித் துண்டுகளை வெங்காயம், செலரி, சேஜ் இலை, வெண்ணெய், கொஞ்சம் எலும்புச் சாறு விட்டுப் பிசைந்து சுடுவது. மிஞ்சின ரொட்டியில் செய்த உப்புமா என்று சொன்னால் நம்மவர்களுக்குப் புரியும். தெற்கு மாநிலங்களில் இதையே சோளரொட்டியில் செய்து டிரெஸ்ஸிங் என்பார்கள்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ என்கிற மெத்தென்ற மிட்டாயைப் பரப்பிச் சுட்டு, அதைக் கறியோடு சேர்த்து வைப்பார்கள். இனிப்பை எப்படி இதோடு சாப்பிடுவது என்று முழிக்க வேண்டாம், நாமும் இலையில் முதலில் இனிப்பைத்தானே வைக்கிறோம். இன்னொன்று: கடையில் 'யாம்' என்று எழுதியிருக்கும் டப்பாவில் சேனைக்கிழங்கு இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். இந்த ஊரில் அது பெரும்பாலும் செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளிதான். நான் வாங்கிவந்து சேனை வறுவலுக்கு மிளகாய்ப்பொடி கலந்து வைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தவன்.

கடைசியில் பை (pie) வரும், மாவு ஓட்டுக்குள் இனிப்புப் பூரணம் வைத்துச் சுட்டது. பறங்கிக்காய்ப் பை, பெக்கான் பை, ஆப்பிள் பை. பறங்கிக்காயில் பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் போட்டிருப்பதால் முதல் வாயில் யாரோ அல்வாவில் கரம் மசாலாவைக் கொட்டிவிட்டதுபோல் இருக்கும். எனக்குப் பிடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது அது இல்லாவிட்டால் விருந்து முடிந்ததாகவே தோன்றுவதில்லை.

எது யாருடைய பண்டம்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். பட்டியல் எங்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அந்த மேசையில் ஒவ்வொரு பாத்திரமும் யாரோ ஒருவருக்குச் சொந்தம். பை அத்தையுடையது, ரொட்டி பெரியப்பாவுடையது, அந்தப் பச்சை பீன்ஸ் காலமாகிவிட்ட பாட்டியுடையது. பொங்கலன்று உங்கள் வீட்டில் யார் பானையை ஏற்றுவது, யார் கூட்டுக்கு அரைப்பது என்று எழுதாத ஒரு ஏற்பாடு இருக்குமே, அதே கதை. எனவே "நான் என்ன கொண்டுவரட்டும்?" என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் வெறுங்கையோடு போகவேண்டாம், ஆனால் தெரியாமல் ஒரு பறங்கிக்காய்ப் பையோடு போய் நிற்கவும் வேண்டாம். அது அத்தைக்குப் போட்டியாகிவிடும்.

அந்தப் பச்சை பீன்ஸ் கேஸரோலைப் பற்றி இரண்டு வார்த்தை. பீன்ஸ், காளான் சூப் டப்பா ஒன்று, மேலே பொரித்த வெங்காயம், அவ்வளவுதான். 1955-இல் நியூ ஜெர்சியில் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலி என்பவரும் அவர் குழுவும் உண்டாக்கியது. சூப் விற்பதற்காகச் செய்த பண்டம் எப்படிப் பாரம்பரியம் ஆகும் என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் கிண்டலடிப்பார். ஆகும். ஒரு பாட்டி அறுபது வருஷம் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் செய்து வைத்தால் ஆகிவிடும். கிரான்பெர்ரியும் அப்படித்தான். பல வீடுகளில் டப்பாவிலிருந்து அப்படியே வழுக்கி விழுந்ததை, தகரத்தின் வரிகள் பதிந்த உருளையாகவே தட்டில் வைப்பார்கள். புதிதாகப் பழம் வாங்கிக் காய்ச்சினால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நம்மிலும் பாட்டி வைத்த ரசத்தைவிட மெஸ் ரசம்தான் ரசம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு.

குடும்பத்தின் பூர்வீகமும் மேசைக்கு வந்துவிடும். இத்தாலிய வேர் உள்ள வீட்டில் வான்கோழிக்குப் பக்கத்தில் லசானியா இருக்கும். மெக்சிகோக்காரர்கள் வீட்டில் தமாலே. கறுப்பினக் குடும்பங்களில் மாக்ரோனி சீஸும் சர்க்கரைவள்ளிப் பையும் இல்லாமல் நடக்காது, அந்த மாக்ரோனி சீஸை யார் செய்வது என்பது பெரிய பஞ்சாயத்து. பால்டிமோரில் புளித்த முட்டைக்கோஸ் வைக்கிறார்கள், ஜெர்மானியர்கள் விட்டுப்போன வழக்கம். ஆகவே உங்கள் எலுமிச்சை சாதம் அங்கே வேற்றாள் கிடையாது. எங்கள் அனுபவத்தில் எடுபட்டவை: எலுமிச்சை சாதம், உருளை பொடிமாஸ், கேரட் அல்வா. எடுபடாதவை: வடை (போய்ச் சேர்வதற்குள் நமத்துவிடும்), புளியோதரை, கத்தரிக்காய்க் குழம்பு. காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். முந்திரியும் வேர்க்கடலையும் சிலருக்கு உயிருக்கே ஆபத்து, ஆகையால் போட்டிருந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டுங்கள். கறிவேப்பிலையை ஒதுக்கிவிடலாம் என்றும் சொல்லிவைக்க வேண்டும். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அத்தனையையும் மென்று விழுங்கிவிட்டு "நன்றாக இருக்கிறது, கொஞ்சம் நாராக இருக்கிறது" என்றார்.

சைவக்காரர்களுக்கு

'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதாது. "இறைச்சி, மீன், எலும்புச் சாறு, ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) எதுவும் சாப்பிடமாட்டோம்" என்று உடைத்துச் சொல்லுங்கள். ஸ்டஃபிங்கில் பெரும்பாலும் கோழிச் சாறு இருக்கும், பறவையின் வயிற்றுக்குள்ளேயே வைத்தும் சுடுவார்கள். கிரேவி வான்கோழியிலிருந்து வடிந்த கொழுப்பில் செய்வது. தெற்கில் கீரையிலும் பீன்ஸிலும் பன்றிக்கறித் துண்டு கிடக்கும். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, சில பைகளின் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். முட்டை சேர்க்காதவர்கள் பறங்கிக்காய்ப் பையையும் விட்டுவிட வேண்டியதுதான். மசித்த கிழங்கு, கிரான்பெர்ரி, ரொட்டி பெரும்பாலும் சரி, இருந்தாலும் கேட்டுவிடுங்கள். வயிறு நிறையும்படி ஒரு பண்டத்தை நீங்களே கொண்டுபோவது உத்தமம். ஹலால் வான்கோழி வேண்டுமென்றால் ஹலால் இறைச்சிக் கடைகளில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

மேசையில் பாத்திரங்கள் கைமாறிக்கொண்டே வரும். எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுங்கள், பாத்திரத்திலுள்ள கரண்டியால் மட்டும் எடுங்கள். எச்சில் விஷயத்தில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று ஒரு வரி சொல்வது சில வீடுகளில் வழக்கம். சொற்பொழிவு தேவையில்லை. வாடகை வீடு தேடிக்கொடுத்தவருக்கு, பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு என்று ஒன்றைச் சொன்னால் போதும்.

இதன் பூர்வகதையும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1621-இல் இன்றைய மாசசூசெட்ஸிலுள்ள பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயரும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களும் மூன்று நாள் சேர்ந்து விருந்துண்டார்கள், வாம்பனோவாக்குகள் ஐந்து மான் கொண்டுவந்தார்கள். அந்த மேசையில் உருளைக்கிழங்கும் இல்லை, பையும் இல்லை. அதன் பின் அந்த மக்கள் நிலத்தையும் உயிரையும் இழந்த கதை வேறு. 1970 முதல் பூர்வகுடியினர் இதே நாளில் பிளிமத்தில் துக்கநாள் அனுசரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து இந்த விருந்துக் கதைக்காகக் காகிதத் தொப்பி செய்துகொண்டு வரும்போது, இதையும் ஒரு வரி சொல்லிவையுங்கள்.

நீங்களே சமைப்பதென்றால்

முதலில் ஓவனைக் காலி செய்யுங்கள். நம் வீடுகளில் அது வாணலியும் தோசைக்கல்லும் அடுக்கும் அலமாரி, மறந்துபோய்ச் சூடேற்றிவிட்டால் பிளாஸ்டிக் பிடி உருகிப் புகை எச்சரிக்கை மணி அலறும். வான்கோழியை ஆளுக்கு ஒரு பவுண்டு என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். உறைந்த பறவை ஃப்ரிட்ஜில் இளக நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழுநாள் வேண்டும், 12 பவுண்டு என்றால் ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வயிற்றுக்குள் ஈரல், கழுத்து போட்ட சிறு பொட்டலம் இருக்கும், எடுத்துவிடுங்கள். முதல் தடவை சமைப்பவர்களில் பலர் அதோடு சேர்த்தே சுடுகிறார்கள், நானும்தான். மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவக் கை துறுதுறுக்கும். வேண்டாம், கழுவினால் கிருமி தொட்டி முழுக்கத் தெறிக்கும். தாளால் ஒற்றி எடுத்துவிட்டு மஞ்சளைத் தடவுங்கள். இஞ்சி பூண்டு, மிளகு, வெண்ணெய் மூன்றையும் குழைத்துத் தோலுக்கு அடியில் விரலால் தள்ளிவிட்டு 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால் 12 பவுண்டுக்கு மூன்று மணி நேரம்போல ஆகும். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 165 காட்டும்வரை இறக்காதீர்கள். குச்சி குத்திப் பார்க்கும் நம் பழக்கம் இங்கே செல்லாது.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கறியைப் பிய்த்துக் கொத்துப் பரோட்டா போடலாம். எலும்பை உடைத்துக் குக்கரில் மிளகு சீரகத்தோடு ஆறு விசில் விட்டால் அந்தக் குளிருக்கு அப்படி ஒரு ரசம்.

விருந்துக்குப் போன இடத்தில் கிளம்பும்போது உங்களுக்கும் ஒரு டப்பா நிறையக் கட்டிக்கொடுப்பார்கள், மறுக்காதீர்கள். டப்பாவைத் திருப்பித் தரவேண்டாம் என்றும் சொல்வார்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாத நாங்கள், முதல் வருஷம் வந்த டப்பாவைப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் போட்டு அந்தப் பாட்டியிடம் கொடுத்தோம். பிப்ரவரியில் அது குக்கியோடு எங்களிடம் திரும்பி வந்தது. அப்புறம் எத்தனை தடவை போய்வந்ததோ, மூடி யார் வீட்டில் தொலைந்தது என்று இன்னும் தெரியவில்லை.