ஒரு டயர் மட்டும் மெல்ல மெல்ல இறங்குகிறதா?

நல்ல டயரிலேயே மாதம் 1 முதல் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை காற்று குறையும். குளிர் கூடினாலும் இறங்கும், அது ஓட்டை இல்லை. ஆனால் நான்கில் ஒன்று மட்டும் வாராவாரம் காற்றுக் கேட்டால், எங்கோ கசிகிறது.

முதலில் வண்டி ஓடிச் சூடாகாத நேரத்தில், கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்புங்கள். காற்று குறைவாக இருந்தால் சின்ன ஓட்டை தன்னைக் காட்டாது. பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கசியும் இடத்தில் குமிழி வரும்.

எல்லோரும் ஆணியைத்தான் தேடுவார்கள். நான் காற்று அடிக்கும் வால்வில்தான் தொடங்குவேன். மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின்னைத் திருகி இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். வால்வின் அடி ரப்பர் வெடித்திருந்தால் வால்வையே மாற்ற வேண்டும். அடுத்து டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு, இரண்டு பக்கமும். அங்கே துரு பிடித்திருந்தால் டயரைக் கழற்றி ரிம்மைச் சுத்தம் செய்யாமல் தீராது. கடைசியில் தரையில் படும் பகுதி. வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். பொறுமை வேண்டும், சில குமிழிகள் வர ஒரு நிமிடம்கூட ஆகும்.

ஆணி கண்ணில் பட்டதும் பிடுங்கிவிடாதீர்கள். அதுதான் இப்போது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு, காற்று நிரப்பிக் கடைக்கு ஓட்டிப் போங்கள். தரையில் படும் பகுதியில் ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், உள்பக்கம் ஒட்டும் பேட்ச்சோடு சேர்ந்த பிளக் (ஓட்டையை அடைக்கும் ரப்பர்) வைக்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்டு வேலை வேண்டாம், டயரை மாற்றுங்கள்.