ஊட்டியில் சீசனுக்கு ஆள் வைக்கிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், சேரிங் கிராஸ் பக்கம் டீத்தூள், வர்க்கி, சாக்லேட் விற்கும் கடைக்காரர்கள் ஆள் தேட ஆரம்பித்துவிடுவோம். "ரெண்டு மாசத்துக்குத்தானே, எழுத்தெல்லாம் எதுக்கு?" என்று நானும் முதல் வருஷம் இருந்தவன்தான். மே கடைசியில் கூடலூர்ப் பையன் ஓவர்டைம் கேட்டான். அவன் சொன்ன மணிக்கணக்கும் என் கணக்கும் ஒத்துவரவில்லை. இருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கேட்டதைக் கொடுத்து அனுப்பினேன்.

இங்கே சொல்வது கடைகளுக்கு. ஓட்டலுக்கும் எஸ்டேட்டுக்கும் விதிகள் வேறு.

1. சேரும் நாளிலேயே ஒரு தாள் எழுதுங்கள்: பெயர், வயதுச் சான்று, தேதி, வேலை, சம்பளம், வார லீவு எந்தக் கிழமை. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். 14 வயது ஆகாத பிள்ளையை வைக்கவே கூடாது. சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதில் சேரும் அகவிலைப்படி ஏப்ரலில்தான் மாறும், போன வருஷத் தொகையை நம்பாதீர்கள்.

2. இனி நோட்டு, தினமும் வேலை நேரத்தை எழுதி வைக்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. 4 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. என் நோட்டில் ஒரு வரி:

மே 9. காலை 9.30 – இரவு 8.30. சாப்பாடு 1. வேலை 10. ஓ.டி. 2.

ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. கணக்குப் புரிவதற்காக மாதம் 13,000 ரூபாய் என்று வையுங்கள். வார லீவு போக வேலை நாள் 26, அதால் வகுத்தால் நாளுக்கு 500, அதை 8 ஆல் வகுத்தால் மணிக்கு 62.50. இரட்டித்தால் 125. அன்றைய இரண்டு மணி நேரத்துக்கு 250. தினமும் அவன் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா நல்லது, மூடுபனி ஈரத்தில் மற்ற மை ஊறிவிடுகிறது.

பையன் கடை மாடியிலேயே தங்குகிறான் என்பதற்காக, ராத்திரி பத்து மணிக்கு டூரிஸ்ட் வேன் வந்ததும் எழுப்பி இறக்குவோம். அதுவும் வேலை நேரம்தான்.

3. மே 1 நடுச்சீசனில் வந்து விழும். கடை திறந்தால், அன்று வேலை பார்ப்பவருக்கு இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்திக்கும் இதே கதை. போக, பண்டிகை லீவு 5 நாள்.

4. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-க்குள். வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது இது.

5. வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை போடுங்கள். 2021-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம்.

6. சீசன் ஆட்களையும் சேர்த்துத் தலை எண்ணுங்கள். 10 பேர் ஆனால் பாலியல் புகார்களுக்கு உள்குழு, 20 ஆனால் பி.எஃப்.

7. சீசன் முடிந்தும் நின்று, சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்ட ஆளை "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்ப முடியாது. தகுந்த காரணம் வேண்டும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். எந்தத் தேதியில் சேர்ந்தான் என்று தகராறு வந்தால், முதல் நாள் எழுதிய அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.