நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதைக் கேட்டுப் பெறுவது எப்படி: கொழும்புவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றுக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர், வாசலில் காவலாளி நீட்டும் நீளக் கொப்பியில் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வந்த நேரம் ஆகியவற்றை எழுதிய பிறகே உள்ளே போகிறார். பேனையை எடுக்கும்போது, தமக்கு முன் வந்த பத்துப் பதினைந்து பேரின் விவரங்களும் அதே பக்கத்தில் அவர் கண்ணில் படுகின்றன. 2016 முதல் வழங்கப்படும் அடையாள அட்டைகளில் உள்ள 12 இலக்கங்களுள் முதல் நான்கு பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் காட்டுகின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்படுகிறது. ஆகவே கொப்பியில் எழுதப்படுவது வெறும் இலக்கம் அன்று. எழுதியவரின் பிறந்த திகதியும் பால்நிலையும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

புதுக்கடை நீதிமன்றங்களில் சட்டத்தரணியாகத் தொழில் செய்யும் எனக்கு, இந்தக் கொப்பியைக் கவனிக்கும் பழக்கம் நோர்வே நாட்டுச் சட்ட அறிஞர் ஒருவரைப் பற்றி வாசித்ததன் பின்னரே வந்தது. யோன் பிங் 1944இல் பிறந்து 2014இல் மறைந்தவர். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கணினிக்கும் சட்டத்துக்கும் இடையிலான உறவை ஆராயும் நிலையத்தை 1970இல் கட்டியெழுப்பிய இருவரில் அவரும் ஒருவர். நம்மிற் பெரும்பாலானோருக்கு நோர்வே என்றதும் 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையும், அங்கு குடியேறிய உறவினரும்தான் நினைவுக்கு வருகின்றனர். அந்த நாடு 1978இலேயே ஆட்களைப் பற்றிய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றி, 1980இல் அதற்கென ஒரு மேற்பார்வை நிறுவனத்தையும் அமைத்துவிட்டது என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்தேன்.

பட்டியல்கள் என்ன செய்யக்கூடியவை என்பதை அந்நாடு பட்டறிந்திருந்தது. ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் கீழ் 1942 ஜனவரியில் யூதர்களின் அடையாளப் பத்திரங்களில் ஓர் எழுத்து முத்திரையிடப்பட்டது. தொடர்ந்து அவர்களிடம் படிவங்கள் நிரப்பி வாங்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி 500க்கும் மேற்பட்டோர் ஒஸ்லோ துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டனர். கொழும்புத் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களை நம் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி, விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் நம் நினைவிலிருந்து நீங்கவில்லை. ஆயினும் நம்மைப் பற்றி யார் எதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அதைத் தொடங்கும் முறையையே இங்கு கூறுகிறேன்.

முதலில் ஒரு வாரம் குறிப்பெடுங்கள். சிறிய கொப்பி ஒன்றில், அந்த வாரத்தில் உங்கள் விவரங்களைக் கேட்ட ஒவ்வோர் இடத்தையும், அங்கு கொடுத்தது என்ன என்பதையும், எதற்காகக் கேட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தர், வங்கி, தனியார் மருத்துவமனை, சிம் அட்டை வாங்கிய கடை, அடகுக் கடை, பிள்ளையின் பாடசாலை, பரிசுக் கூப்பன் கொடுத்த சுப்பர் மார்க்கெட் என்று பட்டியல் விரைவில் நீளும். அடையாள அட்டையின் நிழற்பிரதியைக் கொடுத்த இடங்களைத் தனியாகக் குறியுங்கள். இனிமேல் நிழற்பிரதி கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே எந்த நோக்கத்துக்காக, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்பதைப் பேனையால் எழுதிவிட்டுக் கொடுங்கள். சிலர் முகஞ்சுளிப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வாரம் முடிந்ததும் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். அரச திணைக்களங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், கூட்டுத்தாபனங்கள் போன்ற பகிரங்க அதிகாரசபைகள் ஒரு பக்கம், தனியார் மறுபக்கம். இரண்டுக்கும் சட்டங்கள் வேறு.

பகிரங்க அதிகாரசபைகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் பொருந்தும். இது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின் 14அ உறுப்புரை அதற்கு அடித்தளமாக இருக்கிறது. இச்சட்டம் பத்திரிகையாளருக்கும் செயற்பாட்டாளருக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. உங்களைப் பற்றிய கோவையை நீங்களே கேட்பதற்கும் இது வழி தருகிறது. பிறருடைய அந்தரங்கத்தைக் காக்கும் விதிவிலக்கு ஒன்று அதில் உண்டு; அது உங்களுடைய சொந்தத் தகவலை உங்களிடமிருந்தே மறைப்பதற்கானது அன்று. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைக் கூற வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. கருமபீடத்தில் இருப்பவர் காரணம் கேட்டால், சட்டம் அதைக் கோரவில்லை என்று அமைதியாகச் சொல்லலாம்.

கடிதத்தை அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு முகவரியிடுங்கள். அதற்கென ஒரு படிவம் உண்டு. ஆயினும் வெள்ளைத் தாளில் தெளிவாக எழுதிய கடிதமும் போதும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும் என்பதை நான் என் சொந்த அலுவல் ஒன்றில் கற்றேன். என் தந்தையாரின் ஓய்வூதியக் கோவை தொடர்பாக ஓர் அலுவலகத்துக்கு, ‘கோவையிலுள்ள விவரங்களைத் தந்துதவவும்’ என்று எழுதினேன். விவரங்கள் யாவும் ஒழுங்காக உள்ளன என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இரண்டாம் முறை இவ்வாறு எழுதினேன்: ‘மேற்படி இலக்கக் கோவையில் உள்ள எல்லா ஆவணங்களின் பிரதிகளையும், அவற்றில் எனது தந்தையின் பெயரும் முகவரியும் எந்தெந்த வடிவில் பதியப்பட்டுள்ளன என்பதையும், இக்கோவையின் விவரங்கள் வேறு எந்த நிறுவனங்களுக்கு எத்திகதிகளில் அனுப்பப்பட்டன என்பதையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ இம்முறை பிரதிகள் வந்தன. தமிழில் ஒன்றாக இருந்த பெயர், சிங்களத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போய், மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக மாறியிருந்தது. முகவரியோ நாங்கள் எப்போதோ விட்டுவந்த கொட்டாஞ்சேனை வீட்டினுடையது. மாதக்கணக்காகக் கடிதம் ஒன்றும் வராத காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

தமிழிலேயே எழுதுங்கள். கொழும்பில் நிர்வாக மொழி சிங்களம்தான் என்றாலும், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி இங்குள்ள அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரித்து உண்டு. சிங்களத்தில் எழுதினால் அலுவல் விரைவாகும் என்று நண்பர்கள் சொல்வார்கள். சில வேளைகளில் அது உண்மையும்கூட. எனினும் பயன்படுத்தாத உரிமை நாளடைவில் கருமபீடத்தில் இல்லாத உரிமையாகவே நடத்தப்படுகிறது என்பதால், அவசரமில்லாத எல்லா விடயங்களிலும் நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

கடிதத்தை நேரில் கொடுத்தால், எழுத்திலான ஏற்புச் சீட்டைப் பெறாமல் அங்கிருந்து புறப்படாதீர்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியுடன் இணைத்து வையுங்கள். கோரிக்கைக்கு இணங்குவதா மறுப்பதா என்று 14 வேலை நாள்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். இணங்கினால், பிரதிகளுக்குரிய கட்டணத்தைச் செலுத்தியதிலிருந்து 14 நாள்களுக்குள் தகவலைத் தர வேண்டும். தகவல் மிகுதியாக இருந்தால் காரணம் காட்டி மேலும் 21 நாள்கள் வரை எடுக்கலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதிலளிக்க வேண்டும். தடுத்து வைக்கப்பட்ட ஒருவரைத் தேடும் குடும்பம் இந்தக் கடைசி ஏற்பாட்டை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மறுப்போ மௌனமோ வந்தால், 14 நாள்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீடுகளுக்கென நியமிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதுங்கள். அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதிலும் திருப்தியில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். திகதிகளை நாட்காட்டியில் குறித்து வைப்பதே இதில் முக்கியமான வேலை. நியாயம் இருந்தும் காலம் தவறியதால் கைநழுவிய கோரிக்கைகளை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

தனியாரிடம் உள்ள தரவுகளுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் 13ஆம் பிரிவு உங்கள் தரவைப் பார்வையிடவும், 15ஆம் பிரிவு பிழை திருத்தவும், 16ஆம் பிரிவு அழிக்கச் சொல்லவும் உரிமை தருகின்றன. முதலில் நிறைவேற்றப்பட்ட வடிவில் பதிலுக்கான காலம் 21 வேலை நாள்கள். இச்சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. அதன் பகுதிகள் வர்த்தமானி அறிவித்தல்கள் மூலம் வெவ்வேறு திகதிகளில் நடைமுறைக்கு வருபவை. ஆகவே ஒரு பிரிவைச் சுட்டி எழுதும் முன், அது அன்று நடைமுறையில் உள்ளதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நடைமுறையில் இல்லாவிட்டாலும் கடிதம் எழுதுவது வீணாகாது. வங்கிக்கோ மருத்துவமனைக்கோ மரியாதையாக எழுதி, என்ன தரவு உள்ளது, யாருடன் பகிரப்பட்டது, எவ்வளவு காலம் வைக்கப்படும் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதிலளிக்கச் சட்டம் இன்னும் வற்புறுத்தாத இடத்திலும், வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகவே பதிலளிக்கும் நிறுவனங்கள் உண்டு.

கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றி ஒன்று மட்டும் கூறுகிறேன். நிபந்தனைகளை வாசிக்காமல் சம்மதித்ததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நோர்வேயின் நுகர்வோர் சபை 2016இல் சாதாரணத் தொலைபேசி ஒன்றில் இருக்கக்கூடிய செயலிகளின் நிபந்தனைகளைச் சத்தமாக வாசிக்கச் செய்தது. முடிக்க 31 மணித்தியாலங்களுக்கும் மேல் சென்றது. அதே சபையின் முறைப்பாட்டைத் தொடர்ந்து, பயனர்களின் தரவை விளம்பர நிறுவனங்களுக்குப் பகிர்ந்த கிரைண்டர் செயலிக்கு 2021 டிசம்பரில் 65 மில்லியன் குரோணர் அபராதம் விதிக்கப்பட்டது. வாசிக்கவே இயலாத ஒன்றுக்குப் பெற்ற சம்மதத்தின் பாரம் தனியாள் மீது சுமத்தப்படக் கூடாது என்பதே என் கருத்து. நம்மால் இன்றே செய்யக்கூடியது, அமைப்புகளுக்குள் சென்று இருப்பிடம், தொடர்பு இலக்கங்கள், ஒலிவாங்கி ஆகிய மூன்றுக்கும் எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி உள்ளது என்று பார்த்து, தேவையற்றவற்றை நீக்குவதுதான்.

தொடர்மாடி வாசலில் உள்ள கொப்பியின் விடயம் இவற்றுள் எளிதானது. நீங்கள் குடியிருக்கும் கட்டடமாயின், முகாமைக் குழுக் கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவாருங்கள்: வருவோர் ஒவ்வொருவருக்கும் தனித்தாள், அடையாள அட்டை இலக்கத்துக்குப் பதிலாகப் பெயரும் வீட்டிலக்கமும் மட்டும், ஒரு மாதம் கழிந்ததும் தாள்களைக் கிழித்தழித்தல். எங்கள் கட்டடத்தில் இதற்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. பாதுகாப்புக் குறையும் என்று அஞ்சிய முதியவர் ஒருவர், 1983இல் தம் வீட்டுக்கு வந்தவர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று தாமே நினைவுகூர்ந்த பிறகு ஆதரவாகக் கை உயர்த்தினார்.

எழுத இயலாத முதிய பெற்றோர் வீட்டில் இருந்தால், அவர்களும் தகவல் அலுவலரிடம் வாய்மொழியாகக் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவதும் உதவுவதும் அந்த அலுவலரின் கடமை. ஓய்வூதியமோ காணியோ சம்பந்தமான பழைய கோவை இருப்பின், அவர்களை அழைத்துச் சென்று அருகே அமர்ந்திருங்கள். கோவை இலக்கம் எழுதிய துண்டுத் தாளையும், ஏற்புச் சீட்டை வைப்பதற்கு ஓர் உறையையும் மறவாமல் கொண்டுபோங்கள்.