அப்பாச்சியிலிருந்து எஞ்சின்எக்ஸ்: பூட்டிய ஃபோல்டரைப் பூட்டோடு மாற்றுவது எப்படி

அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் (nginx) இரண்டும் வெப்சைட்டை நடத்தும் சர்வர் மென்பொருள்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு சர்வர் மாற்றும்போது ஃபைல்களை எல்லாம் காப்பி பண்ணி, சைட் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். பாஸ்வேர்டு போட்ட ஃபோல்டர் இருந்தால் அது திறக்கிறதா என்று பார்ப்பதில் பிரயோஜனமில்லை, திறக்க மறுக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஏனென்றால் பூட்டு விதிகளை எழுதி ஃபோல்டருக்குள் வைக்கும், அப்பாச்சி படிக்கும் 'டாட் ஹெச்டிஆக்சஸ்' (.htaccess) ஃபைலை எஞ்சின்எக்ஸ் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எரர் எதுவும் வராது, ஃபோல்டர் பாட்டுக்கு ஊருக்கே திறந்து கிடக்கும்.

அதனால் ஃபைல்களை ஏற்றும் முன்பே புது சர்வரில் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

முதலில் பழைய சர்வரில் எந்தெந்த ஃபோல்டருக்குப் பூட்டு இருக்கிறது என்று தேடுங்கள். புள்ளியில் தொடங்கும் ஃபைல்களை, சர்வருக்கு ஃபைல் ஏற்றி இறக்கும் எஃப்டிபி மென்பொருள் பல நேரம் காட்டாது, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கிடைத்த ஹெச்டிஆக்சஸில் 'ஆத் யூசர் ஃபைல்' (AuthUserFile) என்ற வரிதான் பாஸ்வேர்டு ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும்.

அந்தப் பாஸ்வேர்டு ஃபைலை பெரும்பாலும் அப்படியே கொண்டுபோகலாம். அதில் பாஸ்வேர்டுகளை உருமாற்றி எழுதியிருக்கும், அந்த உருமாற்றத்தில் அப்பாச்சியின் எம்டி5 வகையும் எஸ்ஹெச்ஏ வகையும் எஞ்சின்எக்ஸுக்குப் புரியும். பிகிரிப்ட் வகை மட்டும் அந்த லினக்ஸைப் பொறுத்தது, பழைய லினக்ஸாக இருந்தால் லாகின் பண்ணும்போது 500 எரர் (சர்வருக்குள் கோளாறு) வரும், அப்போது பாஸ்வேர்டை எம்டி5 வகையில் புதிதாகப் போட வேண்டியதுதான். டைஜஸ்ட் என்ற வேறு லாகின் முறையில் இருந்தால் அந்த ஃபைலை மறந்துவிடுங்கள், எஞ்சின்எக்ஸோடு வரும் பேசிக் ஆத் என்ற எளிய லாகின் முறைக்கு அது ஆகாது. ஆட்களைக் குரூப்பாகப் பிரித்து அனுமதி கொடுத்திருந்தாலும் அந்த வசதி இங்கே கிடையாது, குரூப்புக்கு ஒரு பாஸ்வேர்டு ஃபைல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபைலை வெப் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். அப்பாச்சியின் வழக்கமான செட்டிங் 'டாட் ஹெச்டி' என்று தொடங்கும் ஃபைலை யாருக்கும் தராது, எஞ்சின்எக்ஸோ நீங்கள் தடுக்காவிட்டால் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டு ஃபைல் சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் 403 (அனுமதி மறுப்பு), இருந்தும் எஞ்சின்எக்ஸுக்குப் படிக்க அனுமதி இல்லாவிட்டால் 500 வரும்.

அப்புறம் எஞ்சின்எக்ஸின் செட்டிங் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் அந்த ஃபோல்டருக்கு ஒரு லொகேஷன் (இந்த முகவரிக்கு இந்த விதி என்று சொல்லும் பகுதி) எழுதி, 'ஆத் பேசிக்' (auth_basic), 'ஆத் பேசிக் யூசர் ஃபைல்' (auth_basic_user_file) இரண்டையும் அதற்குள் போடுங்கள். பலரும் மாட்டுவது இங்கேதான். பிஹெச்பி நிரல் பக்கங்களுக்கென்று ரெஜெக்ஸில் (முகவரியின் வடிவத்தை வைத்துப் பொருத்தும் முறையில்) தனி லொகேஷன் வைத்திருப்பீர்கள் இல்லையா, அது சாதாரண லொகேஷனை முந்திக்கொள்ளும். படம், பிடிஎஃப் எல்லாம் பாஸ்வேர்டு கேட்கும், பிஹெச்பி பக்கம் மட்டும் கேட்காமலே ஓடும். ஃபோல்டர் லொகேஷனுக்கு முன்னால் '^~' போட்டு, பிஹெச்பி பகுதியை அதற்குள்ளேயே இன்னொரு முறை எழுதினால் சரியாகிவிடும்.

கான்ஃபிக்கைச் சோதித்து ரீலோட் செய்த பிறகு, பழைய லாகினை பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் என்பதால் கர்ல் (curl) என்ற கட்டளை மூலம் பாருங்கள். ஒரு பிஹெச்பி பக்கம், ஒரு படம், ஃபோல்டரின் முகவரி, மூன்றுக்கும் 401 (லாகின் தேவை என்ற பதில்) வர வேண்டும். ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் இதையெல்லாம் செய்யாதீர்கள், பேசிக் ஆத்தில் பாஸ்வேர்டு வெறும் பேஸ்64 வடிவில்தான் போகும், அதை யாரும் எளிதாகத் திருப்பிப் படித்துவிடலாம்.

எஞ்சின்எக்ஸுக்குப் பதில் விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸுக்குப் போகிறவர்களுக்குக் கதையே வேறு. அதன் பேசிக் ஆத் விண்டோஸ் கணக்குகளைத்தான் கேட்கும், ஆகவே ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறந்து புது பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியிருக்கும்.